கால்வளையமா, செயற்கைக்கோள் கருவியா? கரைப்பறவை ஆய்வுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது

தமிழகக் கரைக்கு வலசை வரும் பறவைகளை ஆராய ஒரு கல்லூரி விலங்கியல் துறைக்கோ, ஊர்ப் பறவை ஆர்வலர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய குழுவுக்கோ நிதி கிடைத்துவிட்டால், எந்தக் கருவியை வாங்கலாம் என்பதே பெரும்பாலும் முதல் பேச்சாக எழுகிறது. உண்மையில் அது கடைசியாக வரவேண்டிய பேச்சு. பறவை எங்கே போகிறது, எப்படிப் பறக்கிறது, எதைத் தின்று அந்தப் பறப்புக்கான ஆற்றலைச் சேர்க்கிறது என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். மூன்றுக்கும் சேர்த்து விடை தரும் ஒரே முறை எதுவும் இல்லை. கேள்வி எதுவென்று முடிவான பிறகும், தேர்வை இரண்டு செய்திகள் இறுக்கிப் பிடிக்கின்றன: அந்தப் பறவையின் எடை என்ன, ஒருமுறை பிடித்துவிட்ட அதே பறவை மீண்டும் நம் கைக்கோ கண்ணுக்கோ கிடைக்குமா. இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால், கடையில் கிடைக்கும் கருவிகளில் முக்கால்வாசி தாமாகவே விலகிவிடும்.

பேச்சு பொதுவாக நின்றுவிடாமல் இருக்க, கோடியக்கரையையே எடுத்துக்கொள்கிறேன். வேதாரண்யத்துச் சதுப்பும் அதையொட்டிய உப்பளங்களும் குளிர்காலத்தில் கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான், உப்புக்கொத்தி, கருவால் மூக்கன், பெரிய கோட்டான், பூநாரை என்று இருபது கிராமிலிருந்து சில கிலோ வரையிலான பறவைகளை ஒரே சேற்றில் வைத்திருக்கின்றன. முக்கிய ஈரநிலங்களுக்கான பன்னாட்டு ராம்சார் பட்டியலில் 2002இல் சேர்ந்த இந்த இடத்தில் பறவைகளுக்குப் பல பத்தாண்டுகளாக வளையமிடப்பட்டு வருவதால், புதிதாகத் தொடங்கும் ஒரு குழு தன் முறையைப் பழைய முறையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் இங்கே வாய்ப்புண்டு.

முதலில் எடைக்கணக்கு. பறவையின் மேல் ஏற்றும் சுமை அதன் உடல் எடையில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது ஆய்வாளர்கள் பலரும் கடைப்பிடிக்கும் எல்லை. சிலர் 5 வரை போகிறார்கள். 25 கிராம் எடையுள்ள கொசு உள்ளானுக்கு 3 விழுக்காடு என்றால் முக்கால் கிராம். 60 கிராம் வளைமூக்கு உள்ளானுக்கு ஒன்றே முக்கால் கிராமுக்குச் சற்று மேல். 300 கிராம் கருவால் மூக்கனுக்கு 9 கிராம், 700 கிராம் கோட்டானுக்கு 21 கிராம், இரண்டரைக் கிலோ பூநாரைக்கு 75 கிராம். சூரிய ஒளியில் இயங்கும் செயற்கைக்கோள் அலைபரப்பிகள் நெடுங்காலம் 5 கிராமுக்குக் கீழே இறங்காமல் இருந்தன; இப்போது அதைவிடச் சிறியவை வந்திருந்தாலும், எடை குறையக் குறைய அவை அனுப்பும் தகவலும் குறைந்துவிடுகிறது. கோடியக்கரையில் எண்ணிக்கையில் மிகுந்த சின்ன உள்ளான்களுக்குச் செயற்கைக்கோள் வழி ஏறக்குறைய மூடியே இருக்கிறது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. எடை மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: முதுகில் துருத்தி நிற்கும் கருவி காற்றை எதிர்த்து இழுக்கும் இழுவை, நீண்ட தூரம் நிற்காமல் பறக்கும் பறவைக்கு எடையைவிடக் கூடுதல் சுமையாகலாம்.

மிகப் பழைய முறையான கால்வளையத்திலிருந்து தொடங்குவோம். டென்மார்க்கின் வீபோர் நகரத்தில் ஆசிரியராக இருந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்ட்டென்சன், 1899இல் எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகளின் காலில் மாட்டியதே முறையான வளையமிடலின் தொடக்கம். இந்தியாவில் இது பெரிய அளவில் வளர்ந்ததற்குப் பின்னால் ஒரு நோயச்சம் இருக்கிறது. 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் குரங்குகளைச் சாகடித்து மனிதருக்கும் பரவிய காய்ச்சலின் வைரஸ், சைபீரியப் பகுதியின் உண்ணிக் காய்ச்சல் வைரஸை ஒத்திருந்ததால், வலசைப் பறவைகள் அங்கிருந்து உண்ணிகளைக் கொண்டுவந்தனவா என்ற ஐயம் எழுந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு சாலிம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளைப் பிடித்து வளையமிடத் தொடங்கிய பின்னணி இதுதான். பறவைகளைப் பற்றிய ஆவல் திரட்ட முடியாத பணத்தை நோயைப் பற்றிய பயம் திரட்டியது என்று சொன்னால் மிகையாகாது. 1980களில் அதே கழகம் கோடியக்கரையில் நீண்ட வலசை ஆய்வை நடத்தியது. கண்ணி வைத்தும் வலை கட்டியும் பறவைக்குக் காயமில்லாமல் பிடிப்பதில் தேர்ந்த, பீகாரின் மிர்ஷிகார் சமூகத்தார் அந்தப் பணியில் ஆற்றிய பங்கு ஆய்வறிக்கைகளில் போதிய அளவு பேசப்படுவதில்லை.

உலோக வளையத்தின் குறை எல்லோரும் அறிந்ததே. எண்ணைப் படிக்கவேண்டுமென்றால் பறவை மீண்டும் வலையில் விழவேண்டும், அல்லது செத்துக் கிடக்கவேண்டும். சின்னக் கரைப்பறவைகளில் நூற்றுக்கு ஒன்றுகூட அவ்வாறு வேற்று நாட்டில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் தொடக்கப் புள்ளி ஒன்று, முடிவுப் புள்ளி ஒன்று, இடையில் ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டில் பறவை பறந்திருக்கவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

இந்தக் குறையின் பெரும்பகுதியை நிறக்கொடி நீக்குகிறது. காலின் மேற்பகுதியில் மாட்டும் சிறிய பிளாஸ்டிக் கொடியின் நிறம் எந்த நாட்டில், எந்தப் பகுதியில் மாட்டப்பட்டது என்று காட்டும். அதில் பொறித்த எழுத்து தனிப் பறவையைக் காட்டும். ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரைக்கு மஞ்சள், விக்டோரியாவுக்கு ஆரஞ்சு, நியூசிலாந்துக்கு வெள்ளை என்று வலசைப் பாதை நாடுகள் ஆளுக்கொரு நிறத்தைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. பறவையைத் தொடாமலேயே தொலைநோக்கியாலோ, இன்று பல ஆர்வலர்களிடம் இருக்கும் நீள லென்ஸ் கேமராவாலோ அதைப் படித்துவிடலாம். கொடியின் உண்மையான மதிப்பு அதன் ஆயுள். 1995இல் அர்ஜென்டினாவின் தென்கோடியான தியெர்ரா டெல் ஃபுயேகோவில் வளையமிடப்பட்டு, பின்னர் பி95 என்ற ஆரஞ்சுக் கொடி பெற்ற ரெட் நாட் இன உள்ளான் ஒன்று, 2014 வரை அமெரிக்கக் கண்டங்களின் கரைகளில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டது. அதற்குள் அது பறந்த மொத்தத் தூரம் பூமியிலிருந்து நிலவுக்கான தூரத்தைத் தாண்டியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். இத்தனை ஆண்டுகள் வேலைசெய்யும் மின்கருவியைச் சிறு பறவைக்கு இதுவரை யாரும் தரவில்லை. ஒரு பறவை எத்தனை ஆண்டு வாழ்கிறது, ஆண்டுதோறும் எத்தனை விழுக்காடு திரும்பி வருகிறது, ஒரே உப்பளப் பாத்திக்கே மீண்டும் வருகிறதா என்ற கேள்விகளுக்குக் கொடியை வெல்லும் முறை இல்லை. ஆனால் பார்ப்பவர் இருக்கும் இடத்தில்தான் கொடி பேசும். ஆர்க்டிக் தூந்திரத்திலும் நடு ஆசியாவின் உப்பேரிகளிலும் தொலைநோக்கியோடு நிற்பவர்கள் மிகச் சிலரே என்பதால், கோடியக்கரையில் கட்டிய கொடிகளின் வரைபடத்தில் அந்தப் பரப்பு நெடுங்காலம் வெறுமையாகவே இருக்கும்.

அடுத்து ஒளியளவி. இன்று ஒரு கிராமுக்கும் குறைவான எடையில் கிடைக்கும் இந்தக் கருவி, கடிகாரத்தையும் ஒளி உணரியையும் மட்டும் கொண்டது. சூரிய உதயமும் மறைவும் எப்போது நிகழ்ந்தன என்று பதிந்துகொண்டே போகும். நண்பகல் நேரத்திலிருந்து தீர்க்கரேகையையும் பகலின் நீளத்திலிருந்து அட்சரேகையையும் பிறகு நாம் கணக்கிடுகிறோம். விலை குறைவு, எடை குறைவு, பறவை ஆண்டு முழுவதும் சுமக்கும். இதன் புகழுக்குக் காரணமான ஆய்வு 2010இல் வெளியானது. கிரீன்லாந்திலும் ஐஸ்லாந்திலும் கூடு கட்டும் ஆர்க்டிக் ஆலாக்களுக்கு 1.4 கிராம் ஒளியளவி மாட்டி, மறு ஆண்டு திரும்பப் பிடித்த 11 பறவைகளின் பதிவிலிருந்து, அவை ஓராண்டில் சராசரியாக 70,900 கி.மீ. பறக்கின்றன என்று கண்டார்கள். அதைப் படித்துவிட்டுத் தமிழகக் கரையிலும் ஒளியளவியே சிக்கனமான வழி என்று முடிவெடுப்பவர்கள் உண்டு. அந்த முடிவு ஏன் தவறாகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கவேண்டும்.

ஒளியளவி எதையும் ஒலிபரப்புவதில்லை. பறவையை மீண்டும் பிடித்துக் கருவியைக் கழற்றினால்தான் தகவல் கிடைக்கும். ஆர்க்டிக் ஆலா தன் கூட்டுக்கே திரும்பி வந்து அடைகாப்பதால் அதை மீண்டும் பிடிப்பது எளிது. குளிர்காலத்தில் ஆயிரக்கணக்காகத் திரளும் உள்ளான் கூட்டத்தில், சென்ற ஆண்டு கருவி கட்டிய அந்த ஒரு பறவையை இரவு வலையில் மீண்டும் விழவைப்பது பெரும்பாலும் நல்லூழைப் பொறுத்தது. இது முதல் தடை.

இரண்டாவது தடை வானியலிலிருந்து வருகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் அட்சரேகை மாறினாலும் பகலின் நீளம் அதிகம் மாறாது. ஆண்டின் மிகக் குறுகிய பகலான டிசம்பர் 21 அளவில்கூட, கோடியக்கரைக்கும் அதற்குச் சுமார் 300 கி.மீ. வடக்கே உள்ள சென்னைக்கும் பகல் நீளத்தில் வேறுபாடு ஏறக்குறைய பத்து நிமிடம்தான். மேகமூட்டமோ, உணரியின் மேல் படிந்த ஓர் இறகோ உதயத்தைப் பத்து நிமிடம் தாமதித்துக் காட்டினால், பறவை கோடியக்கரையில் இருக்கிறதா சென்னையில் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. மார்ச், செப்டம்பர் மாதங்களின் சம இரவு நாட்களையொட்டிய வாரங்களில் உலகெங்கும் பகலும் இரவும் சமமாகிவிடுவதால், அட்சரேகைக் கணக்கே பொருளிழந்துவிடும். கரைப்பறவைகளில் பெரும்பகுதி நம்மை நோக்கிப் பறந்து வருவது செப்டம்பரை ஒட்டியும், கிளம்புவதற்குக் கொழுப்பேற்றத் தொடங்குவது மார்ச்சிலும் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். இனி கோடைக்காலம். வளைமூக்கு உள்ளான் முட்டையிடும் சைபீரிய ஆர்க்டிக் கரையில் ஜூன் மாதத்தில் சூரியன் மறைவதே இல்லை. உதயமும் மறைவும் இல்லாத இடத்தில் உதயத்தையும் மறைவையும் பதியும் கருவிக்கு வேலை இல்லை. ஆக, நாம் அறிய விரும்பும் மூன்று கட்டங்களிலும், அதாவது குளிர்கால இடம், பயணம், இனப்பெருக்க இடம் ஆகியவற்றில், இந்தக் கருவி தன் பலவீனமான பக்கத்தையே காட்டுகிறது. புள்ளியியல் முறைகளால் இதை ஓரளவு சரிக்கட்டலாம், கிழக்கு மேற்கு நகர்வைத் தெளிவாகவே பெறலாம் என்பது உண்மை. இருந்தாலும், மீண்டும் பிடிக்கும் வாய்ப்பு மங்கலாக இருக்கும் இடத்தில் இதற்குப் பணம் ஒதுக்குவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

இதே கருவி கோடியக்கரையிலிருந்து நூறு கி.மீ.க்குச் சற்று மேலான தொலைவிலேயே சிறந்த தேர்வாகிவிடும் என்பதையும் மறுக்க முடியாது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட மணல் திட்டுகளில் ஆலாக்கள் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. கூட்டுக்குத் திரும்பும் பறவையைத் திரும்பப் பிடிக்கலாம் என்பதால், அவை கூடு கட்டாத மாதங்களில் எந்தக் கடலில் திரிகின்றன என்ற கேள்விக்கு ஒளியளவி பொருந்தும்.

இனி எல்லோரும் ஆசைப்படும் செயற்கைக்கோள் கருவி. இதன் சாதனைகளைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. 2007இல் ஈ7 என்று குறிக்கப்பட்ட பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துக்குப் பசிபிக் கடலின் மேல் 11,500 கி.மீ.க்கும் மேல் எங்கும் இறங்காமல் எட்டு நாட்களில் கடந்ததைக் கருவி காட்டும்வரை, அத்தகைய பறப்பு நடக்கக்கூடியது என்பதை ஏற்கத் தயங்கியவர்கள் இருந்தார்கள். 2022 அக்டோபரில் அதே இனத்தின் ஐந்து மாதக் குஞ்சு ஒன்று, 5 கிராம் கருவியோடு, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கி.மீ. தூரத்தைப் பதினொரு நாட்களில் கடந்தது. வழிகாட்டப் பெற்றோர் உடன் வருவதில்லை என்பதால், இந்த ஒரே ஒரு பதிவு வழியறிதல் பற்றிய ஆய்வையே உசுப்பிவிட்டது. நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தருகே அமூர் வல்லூறுகள் பெருங்கூட்டமாக வேட்டையாடப்படுவது 2012இல் வெளியுலகுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டே மூன்று பறவைகளுக்குக் கருவி கட்டி, நாகா, வோகா, பங்தி என்று பெயரிட்டார்கள். தங்கள் மாவட்டத்தின் பெயரும் ஊரின் பெயரும் தாங்கிய பறவைகள் அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போய்த் திரும்பியதை ஊரார் வரைபடத்தில் பார்த்தார்கள். வேட்டையைக் கைவிட ஊர் மன்றங்கள் எடுத்த முடிவுக்கு அது வலுச்சேர்த்தது. ஆயிரம் வளையங்கள் தரும் புள்ளிவிவரத்தால் இது முடியாது. பெயருள்ள ஒரு பறவைக்குத்தான் முடியும். ஆய்வின் நோக்கம் ஓரிடத்தைக் காப்பாற்ற மக்களை இணங்கவைப்பது என்றால், விலையைப் பொருட்படுத்தாமல் செயற்கைக்கோள் கருவியைத் தேர்வதில் தவறில்லை.

இந்த வகைக்குள்ளேயே ஒரு தேர்வு இருக்கிறது. ஆர்கோஸ் செயற்கைக்கோள்கள் வழியாகப் பேசும் அலைபரப்பி எங்கிருந்தும் தகவல் அனுப்பும், ஆனால் டாப்ளர் முறையில், அதாவது வந்துசேரும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு, கணக்கிடும் இடத்தில் சில நூறு மீட்டரிலிருந்து பல கி.மீ. வரை பிழை இருக்கும். கருவியின் விலை லட்சங்களில் போவதோடு, மாதந்தோறும் கட்டணமும் உண்டு. ஜிபிஎஸ் முறையில் இடத்தைக் குறித்துக்கொண்டு கைபேசி வலையமைப்பு வழியாக அனுப்பும் கருவி விலை குறைந்தது, சில மீட்டர் துல்லியம் உடையது, ஆனால் கைபேசிக் கோபுரம் இல்லாத இடத்தில் வாய்மூடிவிடும். வாய்மூடினாலும் பதிவது நிற்பதில்லை. மன்னார்த் தீவில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவி கட்டிய ஹியூக்ளின் கடற்காகங்கள் ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதிவரை போய்த் திரும்பியதை நாம் அறிவது இத்தகைய கருவிகளால்தான். பாக் நீரிணையின் அந்தப் பக்கம் இந்த ஆய்வு நடப்பது, இந்தப் பக்கம் தொடங்குபவர்களுக்குப் பெரிய வசதி: அதே வகைக் கருவியைப் பயன்படுத்தினால் இரு கரைத் தகவலையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கலாம். ஆண்டுதோறும் அதே கரைக்குத் திரும்பும் கோட்டான், மூக்கன் போன்றவற்றுக்குக் கைபேசி வகையே பொருத்தம் என்பது என் கணிப்பு. தூந்திரத்தில் சேர்த்துவைத்த தகவலை வழியிலுள்ள ஊர்களிலோ நம் கரைக்கு வந்த பிறகோ அது கொட்டிவிடும். திரும்பி வராத பறவையின் கதை மட்டும் பாதியில் நிற்கும்.

எண்ணிக்கைச் சிக்கலையும் மறக்கக் கூடாது. நிதி முழுவதையும் செலவிட்டு ஐந்து கருவிகள் வாங்கினால், நம் கையில் இருப்பவை ஐந்து பறவைகளின் வரலாறுகள். அவற்றில் ஒன்று கஜகஸ்தான் ஏரியில் நின்றுவிட்டால், அந்த இனம் அங்கே தங்குகிறது என்று எழுதத் தோன்றும், எழுதக் கூடாது. கருவிகளை ஐந்து இனங்களுக்குப் பங்கிட்டுக் கட்டுவது இந்தத் தவறை ஐந்து மடங்காக்கும். செய்வதென்றால் எல்லாக் கருவிகளையும் ஒரே இனத்துக்குக் கட்டவேண்டும்.

பறக்கும் விதத்தை அறிய விரும்புபவர்களுக்கு இடக்குறிப்பு போதாது. சிறகடிப்பை நொடிக்குப் பலமுறை அளக்கும் முடுக்கமானி தேவை. திருநெல்வேலிக் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்தின் இனத்தில் நடந்த ஆய்வு இதற்கு நல்ல சான்று. இமயத்தைக் கடக்கும் இந்த வாத்துகள் மிக உயரத்தில் ஒரே சீராகப் பறக்கும் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. மங்கோலியாவில் பிடித்த வாத்துகளின் உடலுக்குள் அறுவை மூலம் வைத்த கருவிகள் இதயத் துடிப்பு, சிறகடிப்பு, காற்றழுத்தம் மூன்றையும் பதிந்தன. 2015இல் வெளியான முடிவு, அவை மலைச்சரிவின் ஏற்ற இறக்கத்தை ஒட்டியே ஏறி இறங்கிப் பறக்கின்றன என்று காட்டியது. உயரத்தின் மெல்லிய காற்றில் சிறகடிப்பு வேகத்தைச் சற்றே கூட்டினாலும் ஆற்றல் செலவு பன்மடங்கு ஏறுவதால், ஏறிய உயரத்தை இழந்து மீண்டும் ஏறுவதுகூட அவற்றுக்குச் சிக்கனமாக முடிகிறது. இறகுதிர் காலத்தில் பறக்க முடியாமல் இருக்கும் வாத்துகளை அதே ஏரியில் மீண்டும் பிடிக்க முடிந்ததால்தான் இந்த ஆய்வு நடந்தது. மொட்டைத்தலை அரிவாள்மூக்கன்கள் ஆங்கில வி எழுத்தின் வடிவில் பறக்கும்போது முன்பறவையின் சிறகு எழுப்பும் மேல்நோக்கிய காற்றில் தம் சிறகடிப்பைப் பொருத்திக்கொள்கின்றன என்று 2014இல் காட்டிய ஆய்விலோ, மனிதர் வளர்த்து, சிறு விமானத்தின் பின்னால் ஆஸ்திரியாவிலிருந்து இத்தாலிக்கு அழைத்துச் சென்ற பறவைகளே பயன்பட்டன. ஐரோப்பிய உழவாரக் குருவி பத்து மாதங்கள் தரையிறங்காமல் வானிலேயே இருக்கக்கூடியது என்று 2016இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டதும், கூட்டுக்குத் திரும்பிய குருவிகளிடமிருந்து கருவியைக் கழற்றித்தான். மூன்றிலும் பறவை மீண்டும் கைக்கு வந்தது. கோடியக்கரையின் சின்ன உள்ளான்களிடம் அந்த உறுதி இல்லாததால், பறப்பு முறை ஆய்வை அங்கே தொடங்கவேண்டாம் என்பதே என் பரிந்துரை. கோட்டான் அளவுள்ள பறவைக்குக் கட்டும் கைபேசிக் கருவியில் முடுக்கமானியும் இருந்தால், அதன் சுருக்கத் தகவல் உபரியாகக் கிடைக்கட்டும்.

வேறு சில வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கலாம். அரை கிராமுக்கும் குறைந்த வானொலிக் கருவிகளைத் தானியங்கி அலைவாங்கிகளால் கேட்கும் மோட்டஸ் வலையமைப்பு, கனடாவில் தோன்றி அமெரிக்கக் கண்டத்தில் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் பத்துப் பதினைந்து கி.மீ. எட்டும் கோபுரங்கள் வழிநெடுக இருந்தால்தான் அதற்குப் பொருள். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் அலைவாங்கியைப் பொருத்திய இகாரஸ் திட்டம், உக்ரைன் போரையொட்டி 2022இல் ரஷ்யாவுடனான ஒத்துழைப்பு முறிந்தபோது நின்றுபோனது. பிறர் கையிலுள்ள ஒரே அலைவாங்கியை நம்பி ஆய்வை அமைப்பதன் இடர் அதில் தெரிகிறது. ராடார் எண்ணிக்கையைக் காட்டும், இனத்தைக் காட்டாது. இபேர்ட் என்ற இணையத்தளத்தில் ஆர்வலர்கள் பதியும் பட்டியல்களும், 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும், எந்த இனம் எந்த வாரத்தில் வருகிறது என்பதைச் செலவின்றித் தருகின்றன. அதற்காகத் தனி ஆய்வு நிதி எதுவும் தேவையில்லை.

உணவுத் தேடலைப் பொறுத்தவரை ஒப்பீடு தலைகீழாகிவிடுகிறது. மிக விலையுயர்ந்த கருவி, பறவை எந்தப் பாத்தியில் நின்றது என்று சொல்லும். என்ன தின்றது என்று சொல்லாது. தொலைநோக்கி, நிறுத்துக் கடிகாரம், சேற்றை உருளையாக எடுக்கும் குழாய், சல்லடை ஆகியவற்றோடு ஒரு மாணவர் ஒரு பருவம் முழுவதும் உப்பளத்தில் நின்றால், நிமிடத்துக்கு எத்தனை முறை கொத்துகிறது, எத்தனை முறை விழுங்குகிறது, அதே சேற்றில் எத்தனை புழுக்களும் சிறு சிப்பிகளும் ஈப்புழுக்களும் உள்ளன, உப்புச் செறிவு ஏற ஏற எந்த இரை மறைகிறது என்பது தெரிந்துவிடும். கடற்சேற்றில் இரை தேடும் பறவைகள் பற்றிய பெரிய கண்டுபிடிப்புகள் பலவும் இத்தகைய பொறுமையான வேலையிலிருந்தே வந்தவை. ஈர மணலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் புதைந்திருக்கும் சிப்பியை, அலகு அதைத் தொடாதபோதும், மணலிலுள்ள நீரின் அழுத்த மாறுபாட்டால் ரெட் நாட் உணர்கிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1998இல் காட்டியது கூண்டுப் பறவைகளுக்கு மணல் தொட்டிகளில் வைத்த சோதனைகளால்தான். கனடாவின் ஃப்ரேசர் ஆற்று முகத்துவாரத்தில் மேற்கத்திய உள்ளான்கள் சேற்றின் மேல் படரும் நுண்ணுயிர்ப் படலத்தையே நாவால் வழித்துத் தின்கின்றன, அவற்றின் உணவில் அது பாதியளவுகூட இருக்கும் என்று 2008இல் வெளியான ஆய்வு, வீடியோப் பதிவையும் ஐசோடோப்புகளையும், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களையும், இணைத்துக் கண்டது. புழுக்களை மட்டும் எண்ணி ஒரு சேற்றுப்பரப்பை வளமற்றது என்று முடிவுகட்டுபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

ஐசோடோப்பு ஆய்வு ஓர் இறகோடு முடிந்துவிடுவதால் கவர்ச்சியானது; ஆனால் அந்த இறகு எங்கே வளர்ந்தது என்பதை அறியாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. மழைநீரில் கனமான ஹைட்ரஜனின் அளவு இடத்துக்கு இடம் மாறுவதும், அது உணவு வழியாக இறகில் பதிவதும் இந்த முறையின் அடிப்படை. வளைமூக்கு உள்ளான் போன்றவற்றில் முதிர்ந்த பறவைகள் பறக்கும் இறகுகளைக் குளிர்கால இடத்திலேயே புதுப்பிக்கின்றன. ஆகவே ஜனவரியில் கோடியக்கரையில் முதிர்ந்த பறவையின் புது இறகை எடுத்தால், அது சைபீரியாவைப் பற்றி எதுவும் சொல்லாது. தமிழகத்து உப்பளத்தைப் பற்றியே சொல்லும். அந்த ஆண்டில் பிறந்த இளம் பறவையின் இறகு மட்டுமே தூந்திரத்தில் வளர்ந்தது. அதுவும் ஓர் அகன்ற பட்டையைக் காட்டுமே தவிர, ஊரைக் காட்டாது. உணவுச் சங்கிலியில் பறவையின் படிநிலையை நைட்ரஜன் ஐசோடோப்பு வழியாக அறிய, இதே முதிர்ந்த இறகு மிகப் பொருத்தமானது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, சிறிய நிதியுள்ள குழுவுக்கு நான் சொல்வது இதுதான். நிதியின் பெரும்பங்கு உணவுத் தேடல் ஆய்வுக்கு, அதாவது ஆளின் உழைப்புக்கும் தொலைநோக்கிக்கும் சேற்று மாதிரிக்கும் போகட்டும். சின்ன உள்ளான்களுக்கு நிறக்கொடி. அதைத் தனியே செய்யாமல், வளையமிடும் அனுபவமும் நிற ஒதுக்கீடும் உள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தோடு சேர்ந்து செய்யவேண்டும். மீதமுள்ள பணத்தில் கைபேசி வகை ஜிபிஎஸ் கருவிகள் சிலவற்றை கருவால் மூக்கன், கோட்டான் ஆகிய இரண்டில் ஒன்றுக்கு மட்டும் கட்டலாம். கருவிக்கே பணம் போதவில்லை என்றால் அதைக் கைவிட்டுவிடுவதில் இழப்பு பெரிதில்லை. இரண்டு கருவிகளை மட்டும் வாங்குவதே மோசமான தேர்வு. அவற்றில் ஒன்று திடீரென்று மௌனமானால், பறவை இறந்ததா, மின்கலம் தீர்ந்ததா, இறகு வளர்ந்து சூரியத் தகட்டை மூடியதா, வேட்டையாடப்பட்டதா என்று சொல்ல வழியே இருக்காது.

விதிவிலக்கு ஒன்றுண்டு. குறிப்பிட்ட ஓர் உப்பளமோ சதுப்போ வேறு பயன்பாட்டுக்கு மாறப்போகிறது, அங்கே பகலில் மேயும் பறவைகள் இரவில் எங்கே அடைகின்றன என்று உடனடியாகத் தெரியவேண்டும் என்றால், வலசைப் பாதையை மறந்துவிட்டு, எல்லாக் கருவிகளையும் அடிக்கடி இடம் குறிக்கும்படி அமைத்து, அந்தப் பருவத்துக்குள்ளேயே தகவலைப் பெற்றுவிடவேண்டும். இரவில் சேற்றில் நின்று பார்க்க நம்மால் முடியாது என்பதால், இந்தக் கேள்விக்கு ஜிபிஎஸ் கருவிக்கு மாற்று இல்லை.

எந்த முறையைத் தேர்ந்தாலும் பறவையைப் பிடிக்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். அலைபரப்பும் கருவி வெளிநாட்டிலிருந்து வருமானால் தொலைத்தொடர்புத் துறையின் இசைவும் சேரும். இவை மாதக்கணக்கில் இழுக்கக்கூடியவை என்பதால், பறவைகள் வந்து இறங்கும் செப்டம்பரில் விண்ணப்பிப்பவருக்கு அந்தப் பருவம் கை நழுவிவிடும். கோடையிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் நிலவில்லாத இரவுகள் வலைகட்ட ஏற்றவை. மார்ச் பாதிக்குப் பிறகு கிளம்பும் எடைக்காக ஓய்வின்றித் தின்றுகொண்டிருக்கும் பறவையைப் பிடித்து வைத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதன் பயணத்திலிருந்து கழிவதால், அதற்குமேல் வலைகளைச் சுருட்டி வைத்துவிட்டு, கொடிகளைப் படிப்பதையும் கொத்தல்களை எண்ணுவதையும் மட்டும் தொடரவேண்டும்.